மோட்டார் இல்லாமல் ஏறிய மேடுகள்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே எனக்கென்று போட்டிருந்த நாற்காலி சட்டையைக் கழற்றி மாட்டத்தான் பயன்பட்டது. ஐம்பத்தாறாவது வயதில் ஒரு நாள் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வேலையை விட்டேன். விஜயநகர் வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்து என் மனைவியின் பிராணனை வாங்கினேன்.

அவள் கொள்ளேகாலத்துக்காரி. அங்கே பேசும் தமிழ் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் மாதிரியே இருக்கும். முப்பது வருஷம் மைசூரில் இருந்தும் அது அவளை விட்டுப் போகவில்லை.

"ஏனுங்க, செத்த நேரம் கம்முனு உக்காருங்க. தரை தேஞ்சு போகுது" என்பாள்.

உட்காருவேன். இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவேன்.

டாக்டர்தான் சைக்கிள் ஓட்டலாம் என்றார். ஆனால் மேட்டில் மூச்சு வாங்கக் கூடாது, பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற அளவுதான் சிரமம் இருக்க வேண்டும் என்றார். அதனால் பேட்டரி சைக்கிள் வாங்கினோம், எனக்கு ஒன்று, முட்டி வலிக்காரியான அவளுக்கு ஒன்று. நாம் மிதிக்க மிதிக்க மோட்டாரும் சேர்ந்து தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஒன்றிலிருந்து ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம். பூஜ்யத்தில் வைத்தால் மோட்டார் தூங்கிவிடும், இருபத்து நாலு கிலோ இரும்பை நாமேதான் இழுக்க வேண்டும். நான் மூன்றுக்குக் கீழே இறங்கக் கூடாது, எங்கேயும் தனியாகப் போகக் கூடாது. இந்த இரண்டும் அவள் போட்ட நிபந்தனைகள். தலையாட்டினேன்.

ஊருக்குள்ளேயே ஓட்டலாமே என்று கேட்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன். ரிங் ரோட்டில் லாரி உரசிக்கொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமுண்டி மலைக்குப் போனால் பாதி மைசூர் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, பக்கத்துச் சாலையில் ஓட்டினால் வீடும் பின்னாலேயே வருகிறது. தண்ணி மோட்டாரை அணைத்தோமா, பால் காய்ச்சினோமா என்று. காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போய் இறங்கினால்தான் வீடு நம்மை விடும். ஓட்டுவது இருபது கிலோமீட்டர், அதற்காகக் காரில் போவது அறுபது கிலோமீட்டரா என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நஞ்சன்கூட்டைத் தாண்டி குண்ட்லுப்பேட்டைக்கு ஆடி மாதத்தில் போக வேண்டும். பெரிய சாலையை விட்டுக் கிராமத்துச் சாலையில் திரும்பினால் இரண்டு பக்கமும் செண்டுமல்லி, அதற்கப்புறம் சூரியகாந்தி, எதிரே தலையில் மேகத்தோடு கோபாலசுவாமி மலை. மலைமேல் சொந்த வண்டியை விடமாட்டார்கள்; அடிவாரம் வரை போய்த் திரும்பலாம். எச்.டி. கோட்டைப் பக்கம் கபினி நீர்த்தேக்கத்துக்குக் கோடையில் போக வேண்டும். தண்ணீர் உள்வாங்கிய இடமெல்லாம் புல் முளைத்திருக்கும், மாடுகள் தூரத்தில் எறும்பு மாதிரி தெரியும். பாண்டவபுரம் பக்கத்துக் கால்வாய்க் கரைகளுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளைத் தாண்டும்போது கரும்புச்சாறு கொதிக்கிற வாசனை ஒரு கிலோமீட்டர் கூடவே வரும். தலக்காட்டுக்குச் சைக்கிளோடு போகாதீர்கள். ஆற்றங்கரையில் மணல், தள்ளிக்கொண்டு நடந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு இடத்திலும் இறங்கிய பத்தாவது நிமிஷம் அடுத்த இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். "வந்த எடத்தப் பாருங்க மொதல்ல" என்பாள். பார்ப்பேன். கண் பார்க்கும், கால் துறுதுறுக்கும்.

எங்கள் முதல் பயணம் குண்ட்லுப்பேட்டைக்கு; அந்தச் சாலையிலேயே என் திருட்டுத்தனம் ஆரம்பித்தது. ஒரு சின்ன மேடு. முட்டி வலிக்காக அவள் ஐந்தில் வைத்து முன்னால் ஏறிப் போய்விட்டாள். மேடுகளில் எப்போதும் அப்படித்தான், மேலே போய் நின்று எனக்காகக் காத்திருப்பாள். நான் மூன்றில் வைத்து வந்துகொண்டிருந்தேன். கால் சுற்றுகிறது, சைக்கிள் ஏறுகிறது, ஆனால் ஏறுவது நானா மோட்டாரா என்று தெரியவில்லை. சட்டென்று பொத்தானை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். சைக்கிள் கல்லாகக் கனத்தது. எழுந்து நின்று மிதித்தேன். பாதி மேட்டில் நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. அடித்தது, நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்வதற்கு முன் மறுபடி மூன்றை வைத்துவிட்டேன். என்ன வியர்வை என்று கேட்டாள். வெயில் என்றேன்.

இதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம். பழுது பார்த்த பம்பை முழு லோடில் ஓட்டிப் பார்க்காமல் நான் ஒரு நாளும் லைனில் விட்டதில்லை. என் நெஞ்சைப் பழுது பார்த்தவர்கள் டிரெட்மில்லில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றால் எவ்வளவுக்கு நன்றாக இருக்கிறது? பால் பாக்கெட்டைத் தூக்கும்போதுகூட அந்தக் கேள்வி உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு மேடு ஏறி முடித்தால் இரண்டு நாள் அரிப்பு நிற்கும். மூன்றாம் நாள் திரும்ப வரும். அப்போது இன்னும் தூரத்தில், இன்னும் உயரமாக ஒரு மேடு தேடுவேன். அவளிடம் இயற்கைக் காட்சி என்று சொல்லுவேன்.

வீட்டில் ஒரு தடை இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் அவள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். இடம், கிலோமீட்டர், கிளம்பும்போது பேட்டரி எத்தனை சதவீதம், திரும்பும்போது எத்தனை என்று நான்கு கட்டம். பேட்டரி இறங்கியிருந்தால் நான் மோட்டார் போட்டு ஓட்டினேன் என்று அர்த்தம், இறங்காவிட்டால் ஏமாற்றினேன் என்று அர்த்தம். இந்த யோசனை அவளுக்கு வந்தது என்னால்தான். தொழிற்சாலையில் மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். சிலர் பார்க்காமலே குத்துமதிப்பாக எழுதிவிடுவார்கள். அவர்களைப் பிடித்து நான் கத்திய கதைகளை இருபத்தெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டவள் அவள்.

குண்ட்லுப்பேட்டையிலிருந்து வந்த அன்றைக்கு என் பேட்டரி இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. நீ போய்க் குளி, நான் சைக்கிளை இறக்குகிறேன் என்று அவளை உள்ளே அனுப்பினேன். கார் ஷெட்டில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரம் தரையில் படாமல், மிதிக்காமலே மோட்டாரை ஓடவிடுகிற கைப்பிடித் திராட்டிலைத் திருகினேன். சக்கரம் சும்மா சுற்றினால் பேட்டரி லேசில் இறங்காது, லோடு வேண்டும். பழைய செருப்பு ஒன்றை எடுத்து டயரில் வைத்து அழுத்திப் பிடித்தேன். ரப்பர் வாசனையோடு எண் ஒவ்வொன்றாக இறங்கியது. அவள் குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், நாற்பத்திரண்டு என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அதே செருப்புதான். அந்தத் தாளை அவள் ஃபைலில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, ரொம்ப ஒழுங்கு, இப்படியே தொடருங்கள் என்றார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சுவரில் மாட்டியிருந்த இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது பயணம் தொண்டனூரிலிருந்து மேல்கோட்டைக்கு. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் ஓட்டியதிலேயே அழகான சாலை இதுதான். தொண்டனூர் ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு விடிந்ததும் கிளம்பினால் ஏரித் தண்ணீர் பாறைகளுக்கு நடுவில் கண்ணாடியாகக் கிடக்கும். பிறகு ராகிக் காடு, தென்னந்தோப்பு, ஜக்கனஹள்ளி. அங்கிருந்து மலைச்சாலை. வளைந்து வளைந்து ஏறும்போது கீழே ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போகும், மேலே யோக நரசிம்மர் கோயில் ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் மறையும். போக வர நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ஒரு பேட்டரி தாங்குகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நான் அன்றைக்குச் சமதரையிலும் பூஜ்யத்திலேயே வந்து, அந்த மலை முழுவதையும் பூஜ்யத்தில் ஏறினேன். மூன்று இடத்தில் நின்றேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கண்ணில் பூச்சி பறந்தது, ஆனால் உள்ளே அரிப்பு அடங்கியிருந்தது. அவள் கல்யாணிக் குளத்தருகே நின்றிருந்தாள்.

"நெம்ப நேரமாச்சுங்களே?"

"படம் எடுத்தேன்" என்றேன்.

"நான் பெருமாளப் பாத்துட்டு வந்தர்றேன். வந்து மீட்டரப் பாக்கலாம். திரும்பிப் போறதுக்கு ரெண்டுலயும் பத்துமான்னு பாத்துட்டுத்தான் கெளம்போணும்."

என் மீட்டரில் தொண்ணூற்றாறு இருந்தது. மூன்றில் வைத்து வந்திருந்தால் ஐம்பத்தைந்துக்கு இறங்கியிருக்க வேண்டும். சைக்கிளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, குளத்தின் மண்டபத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கால் செருப்பைக் கழற்றி டயரில் அழுத்தித் திராட்டிலைத் திருகினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அவள் வர ஒரு மணி நேரமாகும் என்று தெரியும்.

டூரிஸ்ட் பஸ் டிரைவர் ஒருவர் பீடியோடு வந்து நின்றார்.

"ஏன் சார், சக்ர ஹாளாயித்தா?" என்றார். சக்கரம் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார்.

"இல்ல, சும்னே செக் மாட்தாயிதினி" என்றேன். சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று.

அவர் மச்சினன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போகிறானாம். பேட்டரி எத்தனை வருஷம் வரும், மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனார். இயந்திரத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. பேசி முடித்து மீட்டரைப் பார்த்தேன். முப்பத்தொன்று.

அவள் தலையில் துளசியும் கையில் புளியோதரைப் பொட்டலமுமாக வந்தாள். என் மீட்டரைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"முப்பத்தொண்ணா? அஞ்சுல வெச்சு வந்த எனக்கே அம்பது இருக்குதுங்களே."

"எனக்கு எடை ஜாஸ்தி."

இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "செரி, நீங்க என்னோடத எடுத்துக்குங்க. உங்களுத நான் ஓட்டிக்கறேன்" என்றாள்.

"அது உனக்கு உயரம்."

"சீட்ட எறக்கிக்கலாம்."

"கீழ எறங்கறதுக்குப் பேட்டரியே வேண்டாமே."

"எறக்கம் ஜக்கனஹள்ளி வரைக்குந்தானுங்க. அதுக்குப் பொறவு நடுவழில நின்னு போச்சுன்னா நீங்க மிதிப்பீங்க. நான் பாத்துட்டு வரோணுமா?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். அவள் குனிந்து என் சைக்கிளின் சீட்டை இறக்கினாள்.

மலையிறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. ஏறும்போது பார்க்காததையெல்லாம் இறங்கும்போது பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அவள் முதுகைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. ஜக்கனஹள்ளியில் பஸ்ஸும் ஆட்டோவும் நின்றிருந்தன. அங்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒருவேளை போதும், பேட்டரி வந்து சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு ஒத்து வராது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தச் சாலையில் யாரும் இல்லை.

எதிர்க்காற்று வேறு. "ரெண்டுல வெச்சுக்க" என்று கத்தினேன். "அஞ்சு இல்லாட்டி முட்டி ஆவாதுங்க" என்றாள். காருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு மேட்டுக்கு முன்னால் மீட்டர் அணைந்துவிட்டது. உச்சி வெயில். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த ராகிக் காடு, மரம் கிடையாது. மாற்றிக்கொள்ளலாம் என்றேன். மாட்டேன் என்றாள். நான் போய்க் காரைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"தனியாவா? போற வழில எங்கியாவது உழுந்து கெடந்தா எனக்கு யாருங்க சொல்லுவாங்க?" என்றாள். "உங்களுக்கு நெஞ்சு, எனக்கு முட்டி. முட்டி போச்சுன்னா மாத்திக்கலாமுங்க."

சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் அவள் சைக்கிளில் போனேன். என் காலுக்கு வேலையே இல்லை, மோட்டார் ரீங்காரம் போட்டுக்கொண்டு என்னை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் வலது காலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு எனக்குக் கேட்டது. இருபது மிதிகூட ஆகியிருக்காது. என்னால் அதற்கு மேல் அந்தச் சீட்டில் உட்கார முடியவில்லை.

"நிறுத்து" என்றேன். "நின்னு கேளு. அது தானா எறங்கல. நான்தான் ஓடவிட்டு எறக்கினேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். செருப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யத்தில் வைத்து ஏறுவதை, மேலே போவதற்கு முன் மாற்றி வைப்பதை, கார் ஷெட்டை. 

"எத்தன தடவ?"

"இதோட பன்னெண்டு. எல்லாத் தடவையும்."

சைக்கிளை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச்சுவர் இருந்தது, அதில் போய் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் காயிதத்தப் பாத்துட்டுத்தான் நான் தூங்கிட்டு இருந்தேனுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வெகு நாள் அவள் தூக்கத்தில் எழுந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். எனக்குத் தெரியும். எரிச்சலாக இருக்கும், தூங்குவது போலப் புரண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கை விலகிவிடும். பிறகு எப்போதோ அந்தப் பழக்கம் நின்றுபோனது. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். எதனால் தெளிந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"எனக்குப் பயமா இருந்தது" என்றேன். "நெஞ்சு தாங்குமான்னு தெரியணும்னு இருந்தது."

"எனக்கும் பயந்தானுங்க. எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு பேருஞ் சேந்து பயந்திருப்போம்."

முட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "போய்க் காரை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"தனியாவா?"

"இத்தன நாளும் தனியாத்தானுங்களே ஏறுனீங்க."

நான்கு கிலோமீட்டரும் ஐந்தில் வைத்துப் போனேன். நெஞ்சுவலி வந்த பிறகு நான் தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவை. எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் அதற்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். திரும்பிக் காரில் போனபோது அவள் அதே கட்டையில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் வருகிற திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். புளியோதரையைத் தட்டில் வைத்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. நான் கூட வருவேன், வாயத் தொறக்க மாட்டேன்."

சரி என்றேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி அவளே தேய்த்துக்கொண்டாள். ஹாலில் ஃபேனுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தாள். நான் வழக்கம்போல் கேட்டுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"இங்க வந்து படுங்க" என்றாள்.

போய்ப் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் நெஞ்சின்மேல் வைத்தாள். தைல வாசனை அடித்தது. சிறிது நேரத்தில் அவளுடைய மூச்சு சீராகி, தூங்கிப்போனாள். கை மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு முதுகு அரித்தது, கால் மரத்துப்போனது, வெளியே யாரோ கேட்டைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஐந்து மணிக்கு அவளாக எழுந்திருக்கும்வரை நான் அசையவில்லை.